வில்லுக்கத்தியும் நல்லுருக்கும்

மடித்து மடியிலே செருகிக்கொள்ளும் சிறிய கத்தியை எம்மவர் வில்லுக்கத்தி என்பர். பள்ளிப் பிள்ளைகள் அதனையே பேனாக்கத்தி என்பர். பெயர் எதுவாயினும் அது செய்யும் தொண்டு பெரிது. வெற்றிலை போடும் முதியவருக்குப் பாக்குச் சீவிக் கொடுப்பது அது; கரைவலைக்காரருக்கு நூல் அறுத்துக் கொடுப்பது அது; மருதமுனைத் தறியிலே இழை கத்தரிப்பதும், வயல் வாடியிலே மாங்காய் அரிவதும், மாணவன் கையிலே பென்சில் சீவுவதும் அதுவே. வாளின் பெருமையைப் பேசும் ஏடுகள் பல. வில்லுக்கத்தியின் பெருமையைப் பேசும் ஏடுகள் மிகச் சில. ஆயினும் மனிதரின் அன்றாட வாழ்வுக்குத் துணை நின்றது வாளன்று, இச்சிறு கத்தியே.

இத்தகைய கத்தி ஒன்றை வாங்கக் கல்முனைக் கடைத்தெருவுக்குப் போகும் ஒருவர், “நல்ல கத்தியாக ஒன்று தாருங்கள்” என்று கேட்பார். கடைக்காரரும் பளபளப்பான ஒன்றை எடுத்து நீட்டுவார். நல்லது என்பதை அவர் எதனால் அறிந்தார்? வாங்குபவர் எதனால் ஒப்புக்கொண்டார்? பளபளப்பாலா, பிடியின் அழகாலா, அலகிலே பொறித்த முத்திரையாலா? கத்தியின் உயிர் அதன் உருக்கிலே இருக்கிறது. அவ்வுருக்கை அறியும் அறிவோ மிக நீண்ட சரித்திரம் உடையது. அந்தச் சரித்திரத்திலே நம் நாட்டுக்கு ஒரு கெளரவமான இடம் உண்டு என்பதையும், அந்த அறிவின் கடைசித் துளி நமது கம்மாலைகளிலே வற்றிக்கொண்டிருக்கிறது என்பதையும் இளைஞர்களுக்கும் பெரியோர்களுக்கும் எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரும்பும் உருக்கும்

தமிழ்நாட்டார் எஃகு என வழங்கும் பொருளை ஈழத்தமிழர் உருக்கு என வழங்குவர். இரும்புக்கும் உருக்குக்கும் உள்ள வேற்றுமையை முதலில் தெளிந்துகொள்ளல் வேண்டும். சுத்தமான இரும்பு மென்மையானது. அதனைக் கத்தியாக அடிக்கலாம். ஆனால் கூர் நில்லாது, விளிம்பு மடிந்துவிடும். அந்த இரும்பிலே கரியின் சாரமாகிய காபன் சிறிதளவு கலக்குமானால் அது உருக்காகிறது. நூறு பங்கிலே அரைப் பங்கு முதல் ஒன்றரைப் பங்கு வரையில் காபன் சேர்ந்த உருக்கே பெரும்பாலும் கத்திக்கு ஏற்றது. இரண்டு பங்குக்கு மேற் சென்றால் அது வார்ப்பிரும்பின் இயல்பைப் பெற்றுச் சுத்தியலடிக்கு ஆற்றாது உடையும். கறிக்கு உப்புப் போல, குறைந்தாலும் கெடும், மிகுந்தாலும் கெடும்.

காபன் சரியாக இருந்தால் மட்டும் போதாது. செந்நிறமாகக் காய்ச்சிய உருக்கை நீரிலோ எண்ணெயிலோ சட்டெனத் தோய்த்தால் அது மிகவும் கடினமாகும். ஆனால் அப்போது கண்ணாடியைப் போல உடையும் குணமும் அதனைப் பற்றிக்கொள்ளும். ஆகவே அதனை மீண்டும் இளஞ்சூட்டிலே காட்டிப் பதப்படுத்துவார்கள். கடினத்திலே ஒரு சிறு பங்கைக் கொடுத்து, முறியாத உறுதியைப் பெற்றுக்கொள்ளும் செயல் அது. எனவே நல்ல கத்திக்கு நன்மை இரண்டு: ஒன்று பொருளின் நன்மை, மற்றொன்று பதத்தின் நன்மை. உயர்ந்த உருக்கும் பதம் தவறினால் தாழ்ந்துவிடும். நடுத்தரமான உருக்கும் பதம் வாய்த்தால் உயர்ந்துவிடும். பிள்ளையின் குணமும் வளர்ப்பும் போல என்று இதனைப் பெரியோர் எளிதில் விளங்கிக்கொள்வர்.

கச்சான் ஊதிய உலைகள்

வெயிற் காலத்திலே மேற்கிலிருந்து வந்து வயலையும் வாசலையும் வறட்டும் காற்றைக் கச்சான் என்று நாம் சலித்துக்கொள்கிறோம். தென்மேல் பருவக்காற்றானது மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தன் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய சுடுகாற்றாக எமது கரைக்கு இறங்குகிறது. அதுவே நம் கச்சான். நம்மைச் சுடும் இந்தப் பருவக்காற்று, நம்மை வந்தடையுமுன் மலைநாட்டிலே ஒரு காலத்தில் வேறொரு வேலை செய்தது. அது இரும்புலைகளை ஊதியது.

பலாங்கொடைக்கு அண்மையிலே, வளவை கங்கைப் பகுதியில், சமனலவெவ நீர்த்தேக்கம் 1992ஆம் ஆண்டிலே கட்டி முடிக்கப்பட்டது. நிலம் நீரில் மூழ்குமுன் அங்கு தொல்பொருளாய்வு நடந்தது. அந்த ஆய்விலே ஜில் ஜூலெப் என்னும் பிரித்தானிய அறிஞர், மேற்கு நோக்கிய மலைவிளிம்புகளிலே 77 இடங்களில் பழைய இரும்புலைகளின் சுவடுகளைக் கண்டார். கி.பி. 7ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடையே அவை செழித்திருந்தன. எல்லா உலைகளும் காற்று வரும் திசையையே முகமாகக் கொண்டிருந்தன. துருத்தி ஊதுவார் எவருமின்றி, மலைமேல் மோதும் பருவக்காற்றின் வேகத்தாலேயே கரி கனன்று, கல் உருகி, உலோகம் பிறந்தது.

காற்றால் மட்டும் இயங்கும் உலை சீரான வெப்பத்தைத் தரமாட்டாது என்று அதுவரை பலர் எண்ணியிருந்தனர். ஆதலால் 1994ஆம் ஆண்டிலே பழைய அமைப்பின்படியே உலை கட்டி, பருவக்காற்று வீசும் நாளிலே நெருப்பிட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். உலை வெற்றியாக எரிந்தது. அதிலிருந்து கிடைத்தது வெறும் இரும்பன்று. காபன் மிகுந்த உருக்கு. இச்செய்தி 1996ஆம் ஆண்டு ‘நேச்சர்’ என்னும் உலகப் புகழ்பெற்ற விஞ்ஞான சஞ்சிகையிலே வெளிவந்தது.

இவ்வுருக்கின் புகழ் கடல் கடந்தும் சென்றது. கி.பி. 9ஆம் நூற்றாண்டிலே பக்தாதில் வாழ்ந்த தத்துவஞானி அல்-கிந்தி வாள்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதிலே வாளுருக்குகளை வகைப்படுத்திக் கூறுமிடத்தில் சரந்தீபின் உருக்கையும் பெயர் சுட்டிக் குறிப்பிட்டார். சரந்தீப் என்பது அரபு மக்கள் இலங்கைக்கு வழங்கிய பெயர். இந்திய உருக்கால் ஆகிய வாளுக்கு அரபு மொழியிலே ‘முஹன்னத்’ என்று தனிப் பெயரே உண்டு. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நீளும் இக்கரையிலே நம்மோடு அருகருகே வாழும் முஸ்லிம் சகோதரர்கள், தம் முன்னோருட் பலர் அரபு நாட்டு வணிகர் எனக் கூறுவர். அந்த வணிகம் முத்தையும் கறுவாவையும் மட்டும் கொண்டு சென்றதன்று; கொல்லனின் கைத்திறனையும் உலகுக்குக் காட்டிற்று என்பதை நாம் இருவரும் சேர்ந்தே பெருமையுடன் நினைக்கலாம்.

ஆவரசும் மூசையும்

காற்றுலையிலே நேரே உருக்கு எடுப்பது ஒரு முறை. மூசையிலே உருக்கு விளைவிப்பது மற்றொரு முறை. மூசை என்பது நெருப்புக்கு ஆற்றும் களிமண்ணாற் செய்த சிறு குவளை. அதனுள்ளே இரும்புத் துண்டையும் உலர்ந்த ஆவரசு மரத்தின் சிறாய்களையும் இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து, கடும் நெருப்பிலே பல மணி நேரம் வைப்பார்கள். தமிழ்நாட்டிலே எருக்கிலை போன்ற பச்சிலைகளையும் சேர்த்து மூடியதாக 19ஆம் நூற்றாண்டில் நேரிற் பார்த்தோர் எழுதியுள்ளனர். உள்ளே மரம் கரியாகும், கரி இரும்பிலே கலக்கும், கலந்து உருகும். ஆறவைத்து மூசையை உடைத்தால் உருக்குக் கட்டி கிடைக்கும். அதிலே நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை காபன் இருக்கும். நம் ஊர் வெளிகளிலே மஞ்சட் பூப் பூத்து நிற்கும் ஆவரசும், வேலியோரத்து எருக்கும் உருக்கு விளைவிக்கும் சரக்குகளாய் இருந்தன என்பதை இன்று எத்தனை பேர் அறிவர்?

இலங்கையில் இத்தொழில் மறைந்துகொண்டிருந்த வேளையில் அதனைக் கண்டு எழுதி வைத்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள். சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராகிய அவர் 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பகுதியின் பணிப்பாளராய் இருந்தார். மலைநாட்டுக் கிராமங்களிலே நடந்து திரிந்து, இத்தொழிலை அறிந்த முதியோர் சிலரைக் கொண்டு இரும்பெடுக்கும் முறையையும் உருக்காக்கும் முறையையும் கண்டறிந்து, 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் நூலிலே விரிவாக எழுதினார். அன்று அவர் எழுதாதிருந்தால் அவ்வறிவு அம்முதியோருடனேயே மாண்டிருக்கும்.

தமிழ்நாட்டிலே நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணல் அகழ்வாய்விலும் இரும்புலைகளும் உருக்குத் தொழிலின் சான்றுகளும் கிடைத்துள்ளன. மேனாட்டார் இந்திய மூசையுருக்கை ‘வூட்ஸ்’ என்று வழங்கினர். அச்சொல் நமது ‘உருக்கு’, கன்னடரின் ‘உக்கு’ என்னும் சொற்களின் திரிபே என்பது அறிஞர் பலரின் கருத்து. தமஸ்கு வாள் என்று உலகம் வியந்த நீரலை போன்ற கோலமுடைய வாள்களும் இத்தகைய மூசையுருக்காலேயே அடிக்கப்பட்டன.

இலண்டனில் ஒரு பேனாக்கத்தி

இனி நாம் வாளை விட்டுச் சிறு கத்திக்கே வருவோம். 1794ஆம் ஆண்டிலே பம்பாயிலிருந்த டொக்டர் ஸ்கொட் என்பவர் இந்திய உருக்குக் கட்டிகள் சிலவற்றை இலண்டன் றோயல் கழகத்தின் தலைவர் சேர் ஜோசப் பாங்ஸுக்கு அனுப்பினார். அவற்றை ஆராய்ந்த ஜோர்ஜ் பியர்சன் என்னும் விஞ்ஞானி 1795இல் தம் ஆய்வைக் கழகத்திலே வாசித்தார். அந்த ஆய்விலே நம் பொருளுக்கு நேரே உரிய செய்தி ஒன்று உண்டு.

அவ்வுருக்கின் தரத்தை எப்படிச் சோதிப்பது? தராசாலும் திராவகத்தாலும் சோதித்தது ஒருபுறமிருக்க, அதிலே ஒரு பேனாக்கத்தி செய்து பார்க்கும்படி கழகத்தலைவர் விரும்பினார். ஜேம்ஸ் ஸ்ரோடாட் என்னும் பேர்பெற்ற கருவித் தொழிலாளர் அதனை அடித்துக் கொடுத்தார். அடிப்பது மிகவும் கடினமாய் இருந்தது. ஆனால் பரனைற் அளவையில் 450 பாகை, அதாவது ஏறக்குறைய 230 பாகை செல்சியசு வெப்பத்திலே பதப்படுத்தியதும், அதன் கூர் இங்கிலாந்தின் சிறந்த உருக்குக் கத்திக்குச் சற்றும் குறையாதிருந்தது. பல வேலைகளுக்கு இவ்வுருக்கே தம் நாட்டு உருக்கிலும் மேலானது என்று ஸ்ரோடாட் கருதினார். ஒரு தேசத்தின் உருக்கை மதிப்பிட வாளோ பீரங்கியோ வேண்டியதில்லை. ஒரு பேனாக்கத்தி போதும் என்று அக்கழகத்தார் கண்டனர்.

பின்னர் அதே ஸ்ரோடாட்டுடன் கூடி உருக்கை ஆராய்ந்தவர் மைக்கல் பரடே. மின்சாரத்தின் தந்தை என நாம் பாடப்புத்தகத்திலே படிக்கும் பரடே ஒரு கொல்லரின் மகன். இந்திய உருக்கைப் போன்றதொரு உருக்கை ஆக்க வேண்டும் என்று 1818 முதல் சில ஆண்டுகள் உழைத்து, 1820இலும் 1822இலும் அவ்விருவரும் ஆய்வுகளை வெளியிட்டனர். உருக்கிலே வேறு உலோகங்களைக் கலந்து புதிய குணங்களை உண்டாக்கும் விஞ்ஞானத்துக்கு அவ்வாய்வுகள் வழிகாட்டின. நம் நாட்டுப் பக்கத்துக் கொல்லன் செய்ததைக் கொல்லன் மகன் ஒருவன் இலண்டனில் இருந்து விளங்கிக்கொள்ள முயன்றான். இங்கேயோ கொல்லன் மகன் தந்தையின் தொழிலைச் சொல்லிக்கொள்ளவும் கூசும்படி நாம் செய்துவிட்டோம்.

முத்திரையும் மோசமும்

இங்கிலாந்திலே ஷெபீல்ட் நகரம் கத்திக்குப் பேர்பெற்றது. அங்கு 1740ஐ அடுத்த ஆண்டுகளில் பெஞ்சமின் ஹன்ற்ஸ்மன் என்னும் மணிக்கூட்டுத் தொழிலாளர், தம் மணிக்கூடுகளின் வில்லுக்கு நல்ல உருக்கு வேண்டி, மூசையில் உருக்கும் முறை ஒன்றைக் கண்டார். அதன்பின் ஷெபீல்டின் உருக்கும் கத்தியும் பிரித்தானிய சாம்ராச்சியம் எங்கும் பரவின. 19ஆம் நூற்றாண்டிலே மலிவான இறக்குமதி இரும்பும் உருக்கும் வந்து குவிந்தபோது, காட்டுக் கரியை நம்பி, வீட்டு முற்றத்திலே சிறு அளவில் நடந்த நம் தொழில் போட்டியிட முடியாது அடங்கிற்று. தரம் தாழ்ந்ததனால் அது அழிந்ததன்று, விலையால் அழிந்தது.

ஷெபீல்டின் பேர் பெருகியதும் அதன் முத்திரையைத் திருடுவோரும் பெருகினர். பிறநாட்டு மலிவுக் கத்திகளிலே ஷெபீல்டின் பெயரைப் பொறித்து விற்றனர். அதனைத் தடுக்க 1887ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பாராளுமன்றம் வணிகக் குறிச் சட்டத்தை இயற்றிற்று. ஜேர்மனியின் கத்தி நகரமாகிய ஸோலிங்கனும் தன் பெயரைக் காக்க 1938இல் தனிச் சட்டம் பெற்றது. இன்றும் இணையக் கடைகளிலே ‘தமஸ்கு’ என்ற பெயரில் விற்பவை பெரும்பாலும் பல தகடுகளை ஒன்றாக ஒட்டி அடித்தவை. சில அமிலத்தாற் கோலமிட்டவை மட்டுமே. முத்திரை வேறு, உருக்கு வேறு என்பதே இச்சரித்திரம் கற்பிக்கும் பாடம்.

துருவை வென்ற உருக்கு

பழைய உருக்குக்கு எல்லாச் சிறப்பும் இருந்தும் ஒரு குறை இருந்தது. அது துருப்பிடிக்கும். கடலோரத்தில் வாழும் நமக்கு அக்குறை பெரிது. 1913ஆம் ஆண்டிலே ஷெபீல்டில் ஹரி பிறியர்லி என்பவர், துப்பாக்கிக் குழாய்களுக்கு ஏற்ற உருக்கைத் தேடும்போது, நூற்றுக்கு ஏறத்தாழ 13 பங்கு குரோமியம் கலந்த உருக்கு துருப்பிடியாதிருக்கக் கண்டார். இந்தக் குரோமியம் காற்றுடன் சேர்ந்து அலகின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய போர்வை ஒன்றை விரிக்கிறது. அதுவே துருவைத் தடுக்கிறது. ஆயினும் முதன்முதல் வந்த துருப்பிடியாக் கத்திகளை, வெட்டத் தெரியாத கத்திகள் என்று தொழிலாளர் பரிகசித்தனர். புதிய உருக்குக்குப் புதிய பதம் வேண்டும் என்பதை அறிய அவர்களுக்குச் சிறிது காலம் பிடித்தது.

இன்று உலகெங்கும் வழங்கும் மடக்குக் கத்திகளுள் இரண்டை எடுத்துக்காட்டலாம். சுவிற்சர்லாந்திலே காள் எல்ஸ்னர் 1884இல் தொடங்கிய பட்டறை, 1891இல் அந்நாட்டுப் படைவீரருக்குக் கத்தி வழங்கத் தொடங்கிற்று. அவர் தம் தாயாரின் பெயரால் விக்ரோறியா என்று அதற்குப் பெயரிட்டார். துருப்பிடியா உருக்கைக் குறிக்கும் ‘இனொக்ஸ்’ என்பது 1921இல் சேர்ந்து விக்ரோறினொக்ஸ் ஆயிற்று. அதன் உருக்கிலே காபன் நூற்றுக்கு அரைப் பங்களவு. குரோமியம் 15 பங்களவு. அளவான கடினம், தீட்டுவது சுலபம், துரு அணுகுவது அரிது. பிரான்சிலே ஜோசப் ஒப்பினல் என்பார் 1890இல் செய்த மரப்பிடிக் கத்தி மற்றொன்று. அதனைக் காபன் உருக்கிலும் துருப்பிடியா உருக்கிலும் இருவகையாகச் செய்கிறார்கள். காபன் வகையிலே நூற்றுக்கு 0.9 பங்களவு காபன் உண்டு; அது கூர்மையிலே இனிது, ஈரத்திலே கெடும். ஒரே கம்பெனி இரண்டையும் விற்பதிலிருந்தே, நல்ல உருக்கு எது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை என்பது தெளிவாகிறது.

தெரிந்தெடுக்கும் முறை

கத்தியுருக்குக்கு வேண்டிய குணங்கள் மூன்று. கூர் நெடுநாள் தங்க வேண்டும். அலகு முறியாது நிற்க வேண்டும். துரு அணுகாதிருக்க வேண்டும். மூன்றும் முழுமையாக ஓரிடத்திற் சேர்வது அரிது. கூர் தங்கும்படி கடினத்தைக் கூட்டினால் முறிவு நெருங்கும். குரோமியத்தைக் கூட்டினால் தீட்டுவது கடினமாகலாம். ஆகவே ‘எது நல்ல உருக்கு?’ என்று கேட்பதிலும் ‘எந்த வேலைக்கு, எந்த இடத்தில், எவர் கையில்?’ என்று கேட்பதே அறிவுடைமை.

கடலிலே வலை இழுப்பவருக்கும் உப்புக் காற்றிலே கத்தியை மறந்து வைப்பவருக்கும் துருப்பிடியா உருக்கே தகும். வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்து, மாலையிலே கத்தியைத் துடைத்து இரண்டு துளி தேங்காயெண்ணெய் பூசும் பொறுமை உள்ளவருக்குக் காபன் உருக்கு நல்ல தோழன். வீட்டுச் சாணைக்கல்லிலே விரைவிற் கூரேறும்; வைத்த கூரும் இனிமையாய் வெட்டும். மாங்காய், தேசிக்காய் போன்ற புளிப்பானவற்றை வெட்டினால் மட்டும் உடனே கழுவித் துடைத்தல் வேண்டும். இல்லையேல் அலகு கறுக்கும்.

வாங்குமுன் செய்யத்தக்க எளிய சோதனைகளும் உண்டு. ஒரு காந்தத்தை அலகிலே வைத்துப் பாருங்கள். கடினப்படுத்தக்கூடிய உருக்கு, துருப்பிடியா வகையாயினும், காந்தத்தைப் பற்றும். காந்தம் பற்றாத வெள்ளி உருக்கு கரண்டிக்கும் கோப்பைக்கும் உரியது; வெப்பத்தாலும் தோய்ச்சலாலும் அது கடினமாகாது. எனவே கத்திக்கு அது பெரும்பாலும் உதவாது. காந்தம் பற்றியவை எல்லாம் நல்ல கத்தி என்று கொள்ளலும் தவறு. பச்சை இரும்பும் காந்தத்தைப் பற்றும். ஆதலால் அடுத்த சோதனை அரம். கைப்பிடியை ஒட்டிய மறைவிடத்திலே நுண்ணிய அரத்தை மெல்ல ஓட்டினால், பதமேறிய உருக்கில் அது வழுக்கும். மென்மையான இரும்பில் சட்டெனக் கவ்வும். கடைக்காரர் இதற்கு இசையார் எனின், வாங்கிய பின்னாவது தடித்த கயிற்றைப் பலமுறை அறுத்து, அதன்பின் கடதாசி வெட்டிப் பாருங்கள். அப்போதும் கிழியாமல் வெட்டுமாயின் உருக்கும் நன்று, பதமும் நன்று.

அறுக்கும் கத்தி நன்கு கூராக இருத்தல் வேண்டும், பிராணிக்கு வேதனை மிகுதல் ஆகாது என்பது இஸ்லாமிய மார்க்கத்தின் போதனை. ஆயுத பூசை நாளிலே கருவிகளைத் துடைத்துப் பொட்டிட்டு வணங்குவது நமது வழக்கம். கருவியைப் பேணுவது கடமை என்ற எண்ணம் இக்கரையில் இரு சாராருக்கும் பொதுவானது.

கம்மாலையில் எஞ்சியிருப்பது

மேலே கூறியவற்றை எல்லாம் புத்தகத்தாற் கல்லாது கையாற் கற்றவர் நம் ஊர்க் கொல்லர். அவரிடம் கத்தி அடிக்கக் கொடுக்கும்போது அவர் முதலில் தேடுவது பழைய லொறி வில்லுத் தகட்டை. ஏன்? அதிலே நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேற் காபன் உண்டு; நெளிந்து நிமிரும் உறுதியும் உண்டு. தேய்ந்த அரத்தையும் அவர் எறிவதில்லை. அது காபன் மிகுந்தது. மெல்லிய கூருக்கு ஏற்றது. ஆனால் கட்டட வேலையிற் கழிந்த கொங்கிறீற்றுக் கம்பியைக் கொடுத்தால் வேண்டாம் என்பார். அது காபன் குறைந்தது. எவ்வளவு தோய்த்தாலும் கூர் நில்லாது. 1960களிலே சோவியத் நாட்டின் உதவியுடன் ஒறுவலயில் நிறுவப்பட்ட உருக்குத் தொழிற்சாலையும் பெரும்பாலும் கட்டடக் கம்பிக்கே உதவிற்று. கத்தியுருக்குக்குக் கொல்லர் பழைய வில்லையே நம்பினார்.

சாணையிலே உராயும்போது பறக்கும் பொறியைப் பார்த்தே அவர் உருக்கைத் தரம் பிரிப்பார். காபன் மிகுந்த உருக்கின் பொறி பூவாய் வெடிக்கும். பச்சை இரும்பின் பொறி நீண்ட கோடாய் ஓடும். தோய்த்த அலகைத் துடைத்து மீண்டும் இளஞ்சூட்டிலே காட்டும்போது அதன்மேல் நிறங்கள் ஓடும்: முதலில் வைக்கோல் நிறம், பின் செந்தவிட்டு நிறம், பின் நீலம். “தம்பி, வைக்கோல் நிறம் வந்த உடனே எடுக்கணும், நீலம் வரப் பார்த்திருந்தால் கத்தி போச்சு” என்று முதிய கொல்லர் ஒருவர் எனக்குச் சொன்னார். வைக்கோல் நிறம் தோன்றுவது ஏறக்குறைய 230 பாகை செல்சியசிலே. 1795இல் இலண்டனில் ஸ்ரோடாட் தம் பேனாக்கத்தியைப் பதப்படுத்திய வெப்பமும் அதுவே! வெப்பமானி இன்றி, கண்ணால் மட்டும் அவ்வளவை அறிந்தவர் நம் அயலிலே இருக்கிறார்.

ஆனால் எத்தனை காலம் இருப்பார்? நெல் வெட்டத் தாக்கத்தி கேட்டு வந்த வயற்காரர் இன்று வருவதில்லை. வெட்டுவதையும் சூடடிப்பதையும் ஒரே இயந்திரம் செய்துவிடுகிறது. கத்தியும் மண்வெட்டியும் கடையிலே மலிவாகத் தொங்குகின்றன. துருத்தி இழுத்த இடத்திலே மின்விசிறி சுழல்கிறது; அது நல்லதே. ஆனால் நெருப்பின் முன் நிற்க மகன் இல்லை. அம்மகனைக் குற்றம் சொல்வதற்கில்லை. தந்தையின் தொழிலைக் கீழ்த்தொழில் என்று ஊர் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் அவன். விழா மேடையிலே உருக்கின் பெருமை பேசிவிட்டு, கொல்லரைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தியது நாம்தான்.

காரைதீவு ஈன்ற விபுலாநந்த அடிகளார், கல்முனையிலும் மட்டக்களப்பிலும் மிஷன் பாடசாலைகளிலே பயின்று, விஞ்ஞானப் பட்டம் பெற்று, வழக்கொழிந்த யாழைப் பற்றிப் பல்லாண்டு ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். இலக்கியத்திலே சான்றுகள் இருந்தமையால் யாழை ஏட்டிலிருந்து மீட்க அவரால் முடிந்தது. கொல்லரின் அறிவை எழுதிய ஏடு எம்மிடம் எங்கே? ஆனந்த குமாரசுவாமி மலைநாட்டுக்கு எழுதினார். நம் கரையோரக் கம்மாலைகளின் சொற்களையும் முறைகளையும் எழுதுவோர் யார்? முதியவர் கண்மூடினால் பின் எந்த நூலகத்திலும் அதனைத் தேட முடியாது.

ஆகவே சங்கத்தின் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருக்கோவில் முதல் பெரியநீலாவணை வரை, ஊருக்கு இருவராகச் சேர்ந்து, எஞ்சியிருக்கும் கம்மாலைகளுக்குச் செல்லுங்கள். முஸ்லிம் ஊர்களின் கருவித் தொழிலாளரிடமும் செல்லுங்கள். உலை, குறடு, பட்டடை முதலியவற்றின் ஊர்ப் பெயர்களையும், எந்த வேலைக்கு எந்த இரும்பு, எந்த நிறத்தில் எந்தப் பதம் என்பனவற்றையும் அவர் சொன்னபடியே எழுதுங்கள். கைத்தொலைபேசியிலே படமும் பிடியுங்கள். அடுத்த ஆண்டு மலரிலே அவற்றை அச்சிடுவோம். பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நமது விழாக்களில் அக்கொல்லர்களை அழைத்து, மேடையிலே இருத்தி, ‘ஐயா’ என்று மரியாதை செய்யுங்கள்.

கத்தி வேண்டுமாயின் ஒன்றையாவது அவர் கையால் அடிப்பித்து வாங்குங்கள். என்ன வேலைக்கு, எங்கே பயன்படும் என்பதை அவரிடம் சொல்லுங்கள். உருக்கை அவர் தெரிந்தெடுப்பார். வைக்கோல் நிறம் வரும்போது அருகே நின்று பாருங்கள்.